தாத்தாவின் பெட்டிக்கு எந்த ரெக்கார்டு பிளேயர்?

பினாங்கு ஜார்ஜ்டவுன் வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் ரெக்கார்டுப் பெட்டி உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அந்த ஆசையில் புது எல்பியும் நாலைந்து வாங்கிவிட்டீர்கள். போட்டுக் கேட்கத்தான் வழியில்லை. எல்லாம் சேர்த்து 3,000 வெள்ளி (ரிங்கிட்) வரை செலவழிக்கலாம் என்கிறீர்கள். ஆன்லைனில் பார்த்த சூட்கேஸ் பிளேயர் போதுமா, அம்கார்ப் மாலில் பார்த்த பழைய ஜப்பான் மெஷினை எடுக்கலாமா, இல்லை புதிதாகவே வாங்கிவிடலாமா என்பது கேள்வி. கடைசி வரியில், பாட்டி கேட்பதற்குச் சில பாட்டுகளைப் பதிவு செய்து கொடுக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தால், எந்த மாடல் என்பதைவிட, தெரியாமல் ஒன்றை வாங்கித் தாத்தாவின் தட்டுகளைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம்தான் உங்களுக்குப் பெரிதாக இருக்கிறது. அதற்கே பதில் சொல்கிறேன். மாடல் தானாக வந்து சேரும்.

கோலாலம்பூரில் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி), ரேடியோவும் பிளேயரும் ஒன்றாக இருக்கும் ரேடியோகிராம், பிளேயர் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. உதிரிபாகத்துக்கு ஜாலான் பசாரில் அலைந்தே செருப்புத் தேய்ந்தவன். பட்டறைக்கு வருவதில் பெரும்பாலும் பழைய ஜப்பான் மெஷின்கள்தான். சந்தைக்கு வரும் புது மாடல் எல்லாவற்றையும் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்த்தவன் இல்லை. விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜ்களின் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் பாகம்) நுணுக்கமும் என் வட்டாரம் இல்லை. எது எதனால் கெடும், எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பது வரைக்கும் என் பேச்சை நம்பலாம்.

பிளேயரைத் தேடும் முன் பெட்டியை ஒரு தடவை முழுதாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தட்டிலும் நடு லேபிளில் வேகம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று, போட்டிருக்கும். 12 அங்குலத்தில் 33⅓ என்றிருந்தால் எல்பி. 1948-இல் கொலம்பியா கொண்டுவந்தது. 7 அங்குலத்தில் 45 என்றிருப்பது அடுத்த ஆண்டு ஆர்சிஏ விக்டர் விட்ட வகை. தமிழ்ப் படப்பாட்டுகள் இந்தச் சின்னத் தட்டில் ஏராளமாக வந்தன, பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு பாட்டு. இவை இரண்டும் வினைல். தலைவலி மூன்றாவது வகையில்தான். 10 அங்குலம், கையில் எடுத்தால் கனம், பக்கத்துக்கு ஒரே பாட்டு, லேபிளில் 78. நகத்தால் தட்டினால் ‘ணங்’ என்று கேட்கும், கை தவறினால் உடைந்துவிடும். அது அரக்கில் செய்தது. மேல்நாட்டில் 1950களோடு ஓய்ந்துபோனாலும், இந்தியாவில் 1960களிலும் 78 அச்சாகிக்கொண்டிருந்தது. ஆகவே உங்கள் தாத்தா வயதுக்காரர் பெட்டியில் எச்எம்வி, கொலம்பியா லேபிளோடு சில 78 தட்டுகள் கிடந்தால் ஆச்சரியமில்லை.

78 இருக்கிறதா இல்லையா என்பதை ஏன் முதலில் கேட்கிறேன் என்றால், அதற்கு ஊசியே வேறு. எல்பி ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். 78-க்கு வேண்டியது ஏறக்குறைய 75 மைக்ரான். சின்ன முனையை 78 தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் போய் உரசும். பாட்டைவிடக் கரகரப்புதான் அதிகம் வரும், ஊசியும் சீக்கிரம் போகும். பெரிய முனையை எல்பியில் வைப்பது அதைவிட மோசம், தட்டே போய்விடும். ஆக, 78 இருந்தால் அந்த வேகமும் ஊசி மாற்றும் வசதியும் உள்ள மெஷின்தான் உங்களுக்கு. இல்லாவிட்டால் வழி கொஞ்சம் சுலபம்.

பெட்டியைப் பிரித்தது பிரித்ததுதான், ஒவ்வொரு தட்டையும் மேசை விளக்குக்கு அடியில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நல்ல வினைல் கறுப்பாகப் பளபளக்கும். சத்தமாகப் பாடும் இடங்களில் பள்ளங்கள் சாம்பல் நிறமாக மங்கியிருந்தால், முன்பே கனமான ஊசி அங்கே உழுதிருக்கிறது என்று அர்த்தம். அதை எந்த பிளேயரும் திரும்பக் கொண்டுவராது. வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகவோ நூலாம்படையாகவோ படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கழுவினால் போகும். விரல் நகம் தட்டும் அளவுக்கு ஆழமான கீறல் இருக்கும் தட்டைப் புது ஊசியால் தொடாதீர்கள்.

சரி, சூட்கேஸ் பிளேயர். பார்க்க அழகாக இருக்கிறது, மூடித் தூக்கிக்கொண்டு போகலாம், ஸ்பீக்கரும் உள்ளேயே. இவற்றில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான். அதன் ஊசி தட்டின் மேல் 5, 6 கிராம் அளவுக்கு அழுத்தும். சாதாரணமாக ஒரு நல்ல கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். அந்த அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ இந்தப் பெட்டியில் திருகு எதுவும் கிடையாது. ஸ்பீக்கர் அதே பெட்டியில் இருப்பதால் பாட்டின் அதிர்வு ஊசிக்கே திரும்பிப் போகும். தட்டை வைத்துச் சுற்றும் வட்ட மேடையான பிளாட்டர் எல்பியைவிடச் சின்னது, எல்பியின் ஓரம் வெளியே தொங்கும். இதெல்லாம் நிச்சயம். “ஒரு தடவை போட்டாலே தட்டு நாசம்” என்று சிலர் சொல்வது மட்டும் மிகைதான். 1960களின் ரேடியோகிராம்களும் இதே கனத்தில்தான் ஓட்டின, அந்தத் தட்டுகள் இன்றும் பாடுகின்றன. எத்தனை தடவையில் எவ்வளவு தேயும் என்பது ஊசியின் நிலை, தட்டின் அழுக்கு எல்லாவற்றையும் பொறுத்தது. ஆனால் நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கிய புது எல்பியையும், திரும்பக் கிடைக்காத தாத்தாவின் தட்டையும் அதில் வைத்துச் சோதித்துப் பார்ப்பானேன்? வேண்டாம்.

தட்டைத் தொடுவது ஊசி ஒன்றுதான். மோட்டார், மரப்பெட்டி, விளக்கு, புளூடூத் எல்லாம் அதற்குப் பிறகு. அதனால் முதல் பிளேயரில் நான் பார்க்கச் சொல்வது இரண்டே விஷயம். ஊசி தேய்ந்தால் கடையில் வாங்கி நீங்களே மாற்ற முடிய வேண்டும். ஊசி எவ்வளவு அழுத்துகிறது என்பதை நீங்களே சரிசெய்ய முடிய வேண்டும், குறைந்தபட்சம் தயாரிப்பிலேயே நியாயமான அளவில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். இவை இரண்டும் இருந்தால் மற்றதைப் பிற்பாடு ஒவ்வொன்றாக உயர்த்திக்கொள்ளலாம். வைர ஊசிக்கு ஆயுள், முனையின் வடிவத்தையும் தயாரிப்பாளரையும் பொறுத்து, 300 மணி நேரத்திலிருந்து 1,000 மணி நேரம் வரை சொல்கிறார்கள். தினமும் ஓர் எல்பி கேட்பவருக்கு ஒரு வருடத்திலிருந்து மூன்று, நான்கு வருடம் வரை. பழைய மெஷினோடு வரும் ஊசி எத்தனை மணி நேரம் ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது. அதைத் தேய்ந்ததாகவே வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று போடுங்கள்.

கடைக்காரர் “போனோ பிரீஆம்ப் இருக்கா?” என்று கேட்பார், அதையும் சொல்லிவிடுகிறேன். தட்டு வெட்டும்போது பாஸைக் குறைத்து, மேல்சுரங்களைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். பாஸை அப்படியே வெட்டினால் பள்ளம் இடமும் வலமும் அகலமாக ஆடி இடத்தை அடைத்துக்கொள்ளும். மேல்சுரத்தைக் கூட்டி வெட்டினால், ஒலிக்கும்போது அதைக் குறைக்கையில் தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறையும். 1954-இலிருந்து இதற்கு ஆர்ஐஏஏ என்ற பொது அளவு இருக்கிறது. கேட்கும்போது இதைத் தலைகீழாக்கி, கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டை ஆம்புக்குப் போதுமான அளவுக்குப் பெருக்கிக் கொடுப்பதுதான் போனோ பிரீஆம்ப். அது இல்லாமல் நேரே ஸ்பீக்கரில் செருகினால் தகர டப்பாவுக்குள் யாரோ முணுமுணுப்பது போலக் கேட்கும். “பிளேயர் கெட்டுவிட்டது” என்று என்னிடம் தூக்கி வருவதில் கணிசமானவை இந்தக் கேஸ்தான். உள்ளேயே இருந்தால் தனியாக வாங்க வேண்டாம். உள்ளேயும் இருந்து ஆம்பிலும் இருந்தால் ஏதாவது ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும், இரண்டும் சேர்ந்தால் கரகரவென்று உடையும்.

இனி புது மெஷின்கள். உங்கள் பெட்டியில் 78 இருந்தால், அல்லது இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால்கூட, ஆடியோ-டெக்னிக்கா எல்பி120எக்ஸ் வாங்குங்கள். 33, 45, 78 மூன்று வேகமும் உண்டு, அழுத்தத்தைச் சரிசெய்யலாம், பிரீஆம்ப் உள்ளே இருக்கிறது, வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். யுஎஸ்பி இருப்பதால் பாட்டி விஷயமும் முடியும். அதில் வரும் விஎம்95இ கார்ட்ரிட்ஜில் ஊசி மட்டும் இழுத்தால் கழன்று வரும். அதே உடம்பில் 78-க்கென்று உள்ள விஎம்95எஸ்பி ஊசியைச் செருகிக்கொள்ளலாம். செருகியபின் அதற்குரிய அழுத்தத்தை மறுபடி வைக்க வேண்டும், 78 ஊசிக்குக் கனம் அதிகம் வேண்டும். பெட்டியில் எல்பியும் 45-உம் மட்டும்தான், ஊசியைத் தாங்கும் பிளேயரின் கையைத் தூக்கி வைக்கவே தயக்கமாக இருக்கிறது என்றால் அதே கம்பெனியின் எல்பி60எக்ஸ் போதும். பொத்தானை அழுத்தினால் தானே ஓடி, முடிந்ததும் தானே திரும்பும். ஊசி மாற்றலாம். கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது, அழுத்தத்தைத் தொட முடியாது. அதனால் நாளைக்கு ஆசை கூடினால் இந்த மெஷினையே மாற்ற வேண்டிவரும்.

இங்கிலாந்தின் ரேகா பிளானர் 1 பற்றி நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஒலிக்கு நல்ல மெஷின், நானும் மதிப்பவன். ஆனால் 33-இலிருந்து 45-க்கு மாற, பிளாட்டரைத் தூக்கி பெல்ட்டைக் கையால் நகர்த்த வேண்டும். சின்னத் தட்டும் பெரிய தட்டும் கலந்த தமிழ்ப் பெட்டிக்கு அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து செய்யும் வேலை. 78 கிடையாது. பிரீஆம்பும் தனியாக வாங்க வேண்டும். புது எல்பி மட்டும் வாங்குகிறவராக இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

அம்கார்ப் மாலுக்கு வருவோம். சனி, ஞாயிறு சந்தை, மாடியில் ரெக்கார்டுக் கடைகள் என்று சுற்றிவருவதே ஒரு சுகம்தான், கையில் காசு இல்லாமல் போனால் இன்னும் நல்லது. டெக்னிக்ஸ், டெனான், பயனியர், யமாஹா என்று 1970, 80களின் ஜப்பான் மெஷின்கள் இன்றைக்கு அதே விலையில் கிடைக்கும் புது மெஷினைவிடப் பல நேரம் உறுதியாகச் செய்யப்பட்டவை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவற்றில் நிறைய, ஜப்பான் உள்நாட்டு விற்பனைக்கென்று செய்தவை. பின்பக்கம் திருப்பி, கம்பி நுழையும் இடத்தருகே இருக்கும் தகட்டைப் படியுங்கள். 100 வோல்ட் என்று இருந்தால் நம் வீட்டு 230–240 வோல்ட்டில் செருகிய நிமிடமே புகைதான். அதற்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், கடைக்காரரே சேர்த்துக் கொடுப்பார்.

பலருக்குத் தெரியாதது ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை சுழற்சி அடிக்கிறது என்ற கணக்கு. ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60 ஹெர்ட்ஸ். நமக்கு 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. பழைய பெல்ட் மெஷின்களில் பலவற்றில் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸையே பிடித்துக்கொண்டு ஓடும். 60-க்கென்று கப்பி போட்ட அப்படிப்பட்ட மெஷினை இங்கே ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, 33⅓ என்பது 28-க்கும் கீழே போய்விடும். சுரம் மூன்று அரைச்சுரம் இறங்கும். ஐந்து கட்டையில் பாடிய அம்மா மூன்று கட்டையில் பாடுவார். தெரியாத பாட்டாக இருந்தால் “குரல் கனமாக இருக்கிறதே” என்று ரசித்துவிட்டு வாங்கி வந்துவிடுவோம். கப்பியை மாற்றினால் சரியாகும், ஆனால் அந்த மாடலுக்குரிய 50 ஹெர்ட்ஸ் கப்பி கிடைக்க வேண்டுமே. குவார்ட்ஸ் என்று எழுதியிருக்கும் டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டாரே பிளாட்டரைச் சுற்றும்) மெஷின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை தங்கள் வேகத்தைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளும். எனவே பழைய ஜப்பான் மெஷின் என்றால் குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவ் எடுங்கள் என்பது என் பேச்சு. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டைரக்ட் டிரைவ் வம்சம்தான். 1972-இல் வந்தது, 2010-இல் நிறுத்தினார்கள், 2016-இல் திரும்ப வந்தது. டிஜேக்கள் கையில் அடிபட்டவை சந்தையில் நிறைய, விலையும் இறங்குவதில்லை. முதல் மெஷினுக்கு அது தேவையில்லை.

கடையில் நிற்கும்போது அவசரப்படாதீர்கள். மெஷினை அணைத்துவிட்டு பிளாட்டரை விரலால் சுற்றிவிட்டு, காதைக் கிட்டே கொண்டுபோங்கள். கரகரப்பு கேட்கக் கூடாது. கையின் முன்தலையை மெல்லப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் அச்சில் லொடலொடப்பு இருக்கக் கூடாது. எடையைச் சமன் செய்து மிதக்கவிட்டால், மூச்சுக்காற்றுக்கே பக்கவாட்டில் நகர வேண்டும், எங்கேயும் தடுக்கக் கூடாது. தானியங்கி மெஷின் என்றால் தொடக்கம், முடிவு இரண்டையும் ஓடவிட்டுப் பாருங்கள். பழைய கிரீஸ் இறுகிப்போய் கை பாதியில் நின்றுவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் நோய். பிரித்துச் சுத்தம் செய்து புது கிரீஸ் வைத்தால் தீரும், கூலி ஆகும், அவ்வளவுதான். பெல்ட் ரப்பர் நம் ஊர் வெப்பத்தில் இளகித் தாராகப் போயிருந்தால் அதற்கும் மாற்று உண்டு. கைபேசியில் சுழற்சி அளக்கும் செயலி ஒன்றை இறக்கி பிளாட்டர் மேல் வைத்துப் பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். அப்புறம், வீட்டிலிருந்து ஒரு நாதஸ்வரத் தட்டோ வீணைத் தட்டோ கொண்டுபோங்கள். மேளமும் குரலும் நிறைந்த படப்பாட்டில் மறையும் வேகத் தடுமாற்றம், நாதஸ்வரத்தின் நீண்ட ஒற்றைச் சுரத்தில் மறையாது. கமகமே இல்லாத இடத்தில் சுரம் அலைந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு நகருங்கள்.

இதையெல்லாம் பார்க்கத் தெரிந்த ஒருவர் உங்களோடு வருவார் என்றால் பழைய மெஷின் எடுங்கள். தனியாகப் போவதாக இருந்தால் புதிதே எடுங்கள், உத்தரவாதம் இருக்கும். உங்கள் கேள்விக்கு என் நேரடியான பதில் இதுதான். பினாங்குக்குப் போகும்போது லோரோங் கூலிட் சந்தையையும் பாருங்கள், ஆனால் தட்டு வாங்கத்தான், மெஷின் வாங்க இல்லை. அங்கே செருகிப் பார்க்க வசதி கிடைப்பது கஷ்டம்.

எல்பி120எக்ஸ் வாங்கினால் முதல் நாள் ஒரு வேலை இருக்கிறது, அதைப் பார்த்து மிரள வேண்டாம். கையின் பின்னால் திருகும் எடை ஒன்று இருக்கும். ஆன்டி-ஸ்கேட் திருகைச் சுழியில் வையுங்கள். ஊசி உறையைக் கழற்றிவிட்டு, கையைத் தாங்கியிலிருந்து விடுவித்து, பிளாட்டரின் ஓரத்துக்கு வெளியே விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டே பின் எடையை மெதுவாகத் திருகுங்கள். முன்பக்கம் தாழ்ந்தால் எடை பின்னே போக வேண்டும், மேலே எழும்பினால் முன்னே வர வேண்டும். ஓர் இடத்தில் கை மேலும் போகாமல் கீழும் போகாமல் மட்டமாக மிதக்கும். அங்கே கையைத் தாங்கியில் பூட்டிவிட்டு, எடையை அசையாமல் பிடித்துக்கொண்டு எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்கள். இனி வளையமும் எடையும் சேர்ந்து திரும்பும்படி 2 வரும்வரை திருகினால் 2 கிராம். விஎம்95இ கேட்பது அதுதான். ஆன்டி-ஸ்கேட்டையும் 2-இல் வையுங்கள், தட்டு சுற்றும்போது கையை உள்நோக்கி இழுக்கும் விசைக்கு அது ஈடு. ஊசி அழுத்தம் அளக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது, ஒன்று வாங்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தட்டுக்கு நல்லது என்று நினைத்து 1 கிராமுக்குக் குறைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. அழுத்தம் போதாத ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளிச் சுவரை இடிக்கும், அதுவும் சேதம்தான்.

ஸ்பீக்கருக்கு அதிகம் எழுதப்போவதில்லை. ஆம்ப் உள்ளடங்கிய ஒரு ஜோடி மேசை ஸ்பீக்கர் போதும், லோ யாட் மின்னணுக் கடைத்தொகுதியிலேயே பார்த்துவிடலாம். 3,000-இல் பாதிக்குக் கொஞ்சம் மேலே பிளேயருக்குப் போனாலும், ஸ்பீக்கருக்கு ஆயிரம் வெள்ளியை ஒதுக்கி வையுங்கள், மிச்சத்தில் மாற்று ஊசியும் சுத்தம் செய்யும் சாமானும். ஸ்பீக்கரைப் பிளேயர் இருக்கும் அதே மேசையில் வைக்காதீர்கள், சத்தம் கூட்டும்போது ‘ஊ’வென்று முழங்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியின் கான்கிரீட் தரையில் உங்களுக்குப் பிரச்சினை வராது. பினாங்குப் பழைய கடைவீட்டின் பலகைத் தரையில் வைத்திருந்தால் நடக்கும்போதெல்லாம் ஊசி குதித்திருக்கும்.

நம் ஊர் ஈரக்காற்று தட்டுக்கு எதிரி. கூடவே ஒரு நன்மையும் உண்டு, குளிர்நாட்டுக்காரர்கள் புலம்பும் நிலைமின்சாரம் நமக்குக் குறைவு, ஏர்கான் அறையில்தான் தூசி ஒட்டும். தாத்தாவின் வினைல் தட்டுகளை வடித்த நீரில் துளி பாத்திரத் திரவமும் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் கலந்து, மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் வடித்த நீரால் இன்னொரு தரம் அலசி, நிறுத்தி உலர்த்துங்கள். லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 78 தட்டில் ஆல்கஹால் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும். துடைத்த துணி கறுப்பாகும்போதுதான் பாட்டே போய்விட்டது தெரியும். பூஞ்சணம் பிடித்த உள் உறைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியவை மாற்றுங்கள். வெளி அட்டையை நிழலில் காற்றாட விடுங்கள். தட்டுகளை நிறுத்தித்தான் அடுக்க வேண்டும், படுக்கவைத்தால் வளையும். தரையோடு வைக்காதீர்கள், கரையானுக்கும் வெள்ளத்துக்கும் அதுதான் முதல் இடம். வெயிலில் நிறுத்திய காடிக்குள் பத்து நிமிடம்தானே என்று எல்பியை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள்.

நிச்சயமில்லாத விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பெல்ட்டா டைரக்ட் டிரைவா என்ற சண்டையில் இரு பக்கமும் நல்ல மெஷின்களைக் கேட்டிருக்கிறேன், இந்த விலையில் அது உங்கள் தேர்வை முடிவு செய்யக்கூடாது என்பது என் கருத்து. தட்டின் மேல் வைக்கும் எடை, தடித்த கேபிள், கார்க் விரிப்பு போன்றவற்றில் வித்தியாசம் கேட்கிறது என்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. முதல் வருடம் அந்தக் காசுக்குத் தட்டு வாங்குங்கள். வினைல் சிடியைவிட உயர்ந்ததா என்றால் அளவுகோல் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் எதிர்பாருங்கள். எல்பியின் வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம், உள்வட்டத்துக்கு வரும்போது 20-ஐ ஒட்டிச் சுருங்கிவிடும். அத்தனை ஒலியையும் அவ்வளவு குறைந்த நீளத்தில் அடைக்க வேண்டியிருப்பதால் பக்கத்தின் கடைசிப் பாட்டில் பாடகியின் ‘ச’வும் ‘ஸ’வும் சீறும். உங்கள் மெஷின் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். நீள்வட்ட முனை ஊசியில் அது குறையும், முழுதும் போகாது.

பாட்டிக்குப் பதிவு செய்வது சுலபம். யுஎஸ்பி கம்பியைக் கணினியில் செருகி, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று வைத்து, உச்சத்தில் சிவப்பு தொடாமல் பார்த்துக்கொண்டு ஒரு பக்கம் முழுவதையும் ஓடவிடுங்கள். பாட்டுகளைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம். தட்டைக் கழுவி உலர்த்திய பிறகு பதிவு செய்யுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியை அளவோடு பயன்படுத்துங்கள், கூட்டினால் குரலின் ஓரமும் சேர்ந்து போகும். முதலில் மூலத்தை அப்படியே சேமித்து வைத்துவிட்டு, நகலில்தான் கை வைக்க வேண்டும். வரிசையையும் யோசித்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து வந்த புகழ்பெற்ற படப்பாட்டுகள் இன்று எங்காவது கேட்கக் கிடைத்துவிடும். மலாயாவிலோ சிங்கப்பூரிலோ பதிவான உள்ளூர்த் தமிழ்த் தட்டு ஏதாவது பெட்டிக்குள் இருந்தால், எந்த நிலையில் இருந்தாலும் அதை முதலில் பதிவு செய்யுங்கள். இரண்டு பக்க லேபிளையும் படம் எடுத்து அதே கோப்புறையில் போட்டு வையுங்கள்.